மேட்டூர் நிலவரமும் மேத்ஸ் அரியரும்!

காலை எட்டேகால் மணி கும்பகோணம் பஸ். ஒரு கால் படிக்கட்டில், இன்னொரு கால் அந்தரத்தில். ஒரு கையில் கம்பி, மறு கையில் ஜெராக்ஸ் நோட்ஸ். அய்யம்பேட்டை வருவதற்குள் ஒரு ஃபார்முலாவை மனப்பாடம் பண்ணி, பாபநாசம் தாண்டுவதற்குள் அதை மறந்து, தாராசுரத்தில் 'விடு மச்சி, அரியர்ல பார்த்துக்கலாம்' என்று நோட்ஸை நாலாக மடித்துப் பாக்கெட்டில் செருகுகிற ஆளா நீங்க? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்!

பி.ஏ. எகனாமிக்ஸ், பி.காம்., பி.பி.ஏ. என்று எதில் சேர்ந்தாலும் ஒரு செமஸ்டரில் கணக்கு பேப்பர் வந்து நிற்கும். 'கணக்கு வேணாம்னுதானே இந்தப் பக்கம் வந்தோம்? இங்கேயும் விட மாட்டேங்குதே' என்ற புலம்பல் எல்லாக் கேன்டீனிலும் கேட்கும். அல்ஜீப்ராகூடப் பரவாயில்லை. கால்குலஸ் என்றதும் கண்ணைக் கட்டும். 'இதை வெச்சு வாழ்க்கையில என்ன பண்ணப் போறோம்?' என்ற கேள்வியும் கூடவே வரும்.

நியாயமான கேள்விதான். பதில் நூலகத்தில் தேட வேண்டாம். உங்க வீட்டுத் திண்ணையில் கிடக்கிற பேப்பரிலேயே இருக்கு. தினமும் மூலையில் நாலு வரியில் 'மேட்டூர் அணை நிலவரம்' என்று போடுகிறார்களே, அதை என்றைக்காவது முழுசா படிச்சிருக்கீங்களா? நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டி.எம்.சி., வரத்து இத்தனை கனஅடி, திறப்பு இத்தனை கனஅடி. அப்பா காபியோடு அதைத்தான் முதலில் பார்ப்பார். அந்த நாலு வரியில் உங்க சிலபஸில் பாதி உட்கார்ந்திருக்கு!

அணைக்குள் ஒரு கால்குலஸ்

முதலில் வார்த்தைகளைப் பிரிச்சுக்குவோம். வரத்தும் திறப்பும் 'ஒரு வினாடிக்கு இத்தனை' என்ற கணக்கு. அதாவது வேகம். இருப்பு என்பது சேர்ந்து நிற்கிற மொத்தம். எகனாமிக்ஸ் சார் 'ஸ்டாக், ஃப்ளோ' என்று போர்டில் எழுதிப் போட்டாரே, அதுதான் இது. பேங்கில் இருக்கிற பணம் ஸ்டாக், மாதச் சம்பளம் ஃப்ளோ.

வரத்திலிருந்து திறப்பைக் கழிச்சா, இருப்பு எந்த வேகத்தில் மாறுது என்று தெரியும். அந்த 'மாறும் வேகம்'தான் டெரிவேட்டிவ். தமிழ் மீடியம் புத்தகத்தில் வகைக்கெழு என்று இருக்கும். ஒவ்வொரு நாளும் மாறினதை எல்லாம் கூட்டிக்கிட்டே வந்தா மொத்த மாற்றம் கிடைக்கும். அதுதான் இன்டக்ரல், தொகையீடு. ஒன்று பிரிச்சுப் பார்ப்பது, மற்றது சேர்த்துப் பார்ப்பது. அவ்வளவுதாங்க மேட்டர்!

இப்போ கணக்கு. ஒரு டி.எம்.சி. என்றால் 100 கோடி கனஅடி. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. வகுத்துப் பாருங்க: 11,574 வரும். அதாவது வினாடிக்கு 11,574 கனஅடி தண்ணி ஒரு நாள் முழுக்க ஓடினா ஒரு டி.எம்.சி. இந்த ஒரு நம்பரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. டீக்கடையில் உங்க மரியாதையே வேற!

ஒரு ஜூன் மாதம், அணையில் 100 அடி தண்ணி இருக்கு என்று வெச்சுக்குவோம். அந்த மட்டத்தில் இருப்பு சுமார் 65 டி.எம்.சி. டெல்டாவுக்கு 12,000 கனஅடி திறக்கிறாங்க. ஒரு நாளைக்கு ஒரு டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேலே போகுது. வரத்தே இல்லை என்றால் எத்தனை நாள் தாங்கும்? சுமார் 62 நாள். ஆனா ஆடுதுறை 36, 43 மாதிரிக் குறுவை ரகங்களுக்கே 110 நாள் வேணும். மீதி நாட்களுக்கு வரத்தை நம்பித்தான் நாற்று விடணும். அப்பா பேப்பரைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாரே, அவர் சும்மா இல்லை. மனசுக்குள் இன்டக்ரேஷன் போட்டுக்கிட்டு இருக்கிறார்!

அந்தக் கணக்கு தப்பினா என்ன ஆகும் என்பதை டெல்டா 2023-ல் பார்த்தது. ஜூன் 12-ம் தேதி வழக்கப்படி அணை திறந்தபோது மட்டம் 103 அடிக்கு மேல். நம்பி இறங்கினாங்க. வரத்து கைகொடுக்கலை. அக்டோபர் 10-ம் தேதி பாசனத்துக்குத் தண்ணி நிறுத்தப்பட்டபோது அணையில் 31 அடி அளவுக்குத்தான் இருந்தது. வரத்தும் திறப்பும் போட்டியிட்ட 120 நாள் கணக்கில் திறப்பு ஜெயிச்சது, கடைமடைப் பயிர் தோற்றது. அதற்கு முன்பு, 2012-லிருந்து 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ல் அணையைத் திறக்கவே முடியலை. 2020-ல்தான் அந்தத் தேதி திரும்பி வந்தது. ஆக, மைனஸ் குறி என்பது பரீட்சைப் பேப்பரில் மட்டும் மார்க்கைக் குறைக்கிற சமாச்சாரம் இல்லை.

சராசரி வேற, மார்ஜினல் வேற!

எகனாமிக்ஸ் பசங்களைக் குழப்புவதில் நம்பர் ஒன், 'ஆவரேஜ் காஸ்ட், மார்ஜினல் காஸ்ட்' ஜோடி. இதற்கும் மேட்டூரே போதும்.

1934-ல் திறக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வகுத்தா, ஒரு அடிக்குச் சராசரியா 0.78 டி.எம்.சி. சரி, மட்டம் 119-லிருந்து 120-க்கு ஏற எவ்வளவு தண்ணி வேணும்? '0.78' என்று சொன்னா முட்டை மார்க்!

அணை என்ன சிமென்ட் தொட்டியா? அடியில் குறுகி, மேலே போகப் போக அகலும் கிண்ணம் அது. நிரம்பினபோது நீர்ப்பரப்பு 59.25 சதுர மைல். அந்தப் பரப்பின் மேல் ஒரு அடி தண்ணி நிற்கணும் என்றால் சுமார் 1.65 டி.எம்.சி. வேணும். சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே! இந்தக் 'கடைசி ஒரு அடி'யின் கணக்குதான் மார்ஜினல். தமிழில் இறுதிநிலை. கணக்கு பாஷையில் சொன்னா, மட்டத்தைப் பொறுத்துக் கொள்ளளவின் டெரிவேட்டிவ் அதுதான் நீர்ப்பரப்பு.

கிரிக்கெட்டில் சொல்லட்டுமா? ஒரு பேட்ஸ்மேனோட ஆவரேஜ் 40. அடுத்த இன்னிங்ஸில் 80 அடிச்சா ஆவரேஜ் ஏறும். 10-ல் அவுட் ஆனா இறங்கும். அந்த அடுத்த இன்னிங்ஸ்தான் மார்ஜினல். மார்ஜினல் மேலே இருந்தா சராசரி ஏறும், கீழே இருந்தா இறங்கும். அப்படின்னா ரெண்டும் வெட்டிக்கிற இடத்தில் சராசரிச் செலவு குறைந்தபட்சமா இருக்கும் என்ற தியரத்துக்கு வேற மனப்பாடம் எதுக்கு?

போனஸா ஒரு விஷயம். ஒரு டி.எம்.சி. கூடுதலா வந்தா, நிரம்பப் போகிற அணையில் மட்டம் ஏழு அங்குலம் சொச்சம்தான் ஏறும். அடிமட்டத்தில் இருக்கும்போது அதே ஒரு டி.எம்.சி. சரசரன்னு ஏத்திடும். 'நேத்து அவ்வளவு வரத்து, ஆனா மட்டம் ஏறவே இல்லையே, எங்கடா போச்சு தண்ணி?' என்று தாத்தா சந்தேகப்பட்டா, செயின் ரூலைச் சொல்லுங்க. தண்ணி ஏறும் வேகத்தை நீர்ப்பரப்பால் வகுத்தால்தான் மட்டம் ஏறும் வேகம்!

நாலாவது மூட்டை

அடுத்தது வயல். 'டிமினிஷிங் ரிட்டர்ன்ஸ்', குறைந்து செல் விளைவு விதி. புத்தகத்தில் படிச்சா அரைப் பக்கம். வரப்பில் நின்னா ஒரே வரி: 'உரத்தைக் கொட்டினா மட்டும் நெல்லு கொட்டாது தம்பி.'

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். நம்பர் எல்லாம் கணக்குக்காக நாம் வைப்பதுதான். ஏக்கருக்கு யூரியாவே போடலைன்னா 1,500 கிலோ நெல். எக்ஸ் மூட்டை யூரியா போட்டா விளைச்சல் 1,500 + 400எக்ஸ் – 60எக்ஸ் ஸ்கொயர். போட்டுப் பாருங்க. ஒரு மூட்டைக்கு 1,840. ரெண்டுக்கு 2,060. மூணுக்கு 2,160. நாலுக்கு 2,140!

முதல் மூட்டை 340 கிலோ கூட்டுச்சு. ரெண்டாவது 220. மூணாவது 100. நாலாவது மூட்டை 20 கிலோவைக் கெடுத்துச்சு. வயலில் இதற்குக் காரணமும் இருக்கு. தழைச்சத்து மிஞ்சினா பயிர் தளதளன்னு வளர்ந்து காற்றுக்குச் சாயும். புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் விருந்துக்கு வரும். பச்சையைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று பெரியவங்க சொல்றது இதைத்தான்.

விளைச்சல் உச்சம் எங்கே? டெரிவேட்டிவ் எடுங்க: 400 – 120எக்ஸ். பூஜ்யத்துக்குச் சமம் வைங்க. எக்ஸ் 3.33. ரெண்டாவது டெரிவேட்டிவ் மைனஸ் 120. மைனஸ் என்றால் உச்சி, பிளஸ் என்றால் பள்ளம். கோயில் கோபுரத்தின் உச்சியில் நின்னா எந்தப் பக்கம் போனாலும் இறக்கம்தானே, அந்த லாஜிக்!

ஆனா எகனாமிக்ஸ் மாணவர் இங்கே நிறுத்தக் கூடாது. விளைச்சல் உச்சம் வேற, லாப உச்சம் வேற. நெல் கிலோ 25 ரூபாய். 2025-26 சீசனில் தமிழக அரசு ஊக்கத்தொகையும் சேர்த்துப் பொது ரகத்துக்குக் குவிண்டாலுக்குக் கொடுத்த 2,500 ரூபாய்க் கணக்கு இது. 45 கிலோ யூரியா மூட்டை மானிய விலையில் சுமார் 266 ரூபாய். தூக்குக் கூலி, தூவுகூலி சேர்த்து 300 என்று வைப்போம். கடைசியா போடுற உரம் தன் விலையைத் திருப்பித் தரும் வரைக்கும்தான் போடணும். 300 ரூபாய் என்பது 12 கிலோ நெல். ஆக 400 – 120எக்ஸ் = 12. எக்ஸ் 3.23. உச்சத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

இப்போ மானியமே இல்லாமல் மூட்டை 1,500 ரூபாய் ஆகுதுன்னு கற்பனை பண்ணுங்க. அது 60 கிலோ நெல். எக்ஸ் 2.83-க்கு இறங்கிடும். விலை மாறினா விவசாயியோட கை எவ்வளவு மாறும், அரசாங்கம் மானியத்தைக் கூட்டினா குறைச்சா மண்ணுக்கு என்ன ஆகும் – ஒரு பாலிசி விவாதமே இந்த ஒரு சமன்பாட்டுக்குள் இருக்கு. டி.வி.யில் நாலு பேர் கத்துவதைவிட இது தெளிவா சொல்லுது, இல்லையா?

ஈரத்தில் போகும் காசு

அறுவடை முடிஞ்சு நெல் களத்துக்கு வந்தாச்சு. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவிகிதம்தான் இருக்கலாம். உங்க நெல் 20. மூணு சதவிகிதம் காயவைத்தால் 100 கிலோவில் எத்தனை கிலோ குறையும்? 'மூணு கிலோ' என்று பட்டுன்னு சொல்லத் தோணும். தப்பு!

100 கிலோவில் ஈரம் 20 என்றால் உலர்ந்த பொருள் 80 கிலோ. காய்ந்த பிறகும் அந்த 80 மாறாது. ஆனா அது இப்போ மொத்தத்தில் 83 சதவிகிதம். மொத்தம் எக்ஸ் என்றால் 0.83எக்ஸ் = 80. எக்ஸ் 96.4 கிலோ. குறைவது 3.6 கிலோ. ஒன்பதாம் வகுப்பு அல்ஜீப்ராதான். ஆனா மூணு ஏக்கரில் 6,000 கிலோ எடுத்தவருக்கு, எடை மொத்தம் 217 கிலோ இறங்கும். 40 கிலோ சிப்பத்தில் அஞ்சு சிப்பத்துக்கு மேலே. பணமா சொன்னா 5,400 ரூபாய் சொச்சம். நெல்லைக் காயவைத்தே ஆகணும், அது வேற விஷயம். ஆனா எடை எங்கே போச்சு என்று தெரிஞ்சுக்கிட்டுக் கொடுக்கிறதும், தெரியாமல் கொடுத்துவிட்டுப் புலம்புறதும் ஒன்றா?

ஐப்பசி மழையில் சாலையோரம் தார்ப்பாய் போட்டுக் கிடக்கும் நெல்லைப் பார்த்திருப்பீங்க. 22 சதவிகிதம் வரைக்கும் தளர்த்தணும் என்று டெல்டா கேட்பது அதனால்தான். 2025 அக்டோபரிலும் அந்தக் கோரிக்கை டெல்லிக்குப் போச்சு. 22-ல் இருந்து 17-க்குக் காய்ந்தால் 100 கிலோ எவ்வளவு ஆகும்? நான் சொல்ல மாட்டேன். நோட்ஸை எடுத்து, பின்பக்கம் போடுங்க. 94 வந்தால் பாஸ்!

ரெண்டு வட்டியும் 'இ' என்ற எழுத்தும்

சாகுபடிச் செலவுக்கு 10,000 ரூபாய் வெளியில் வாங்கினாங்க. 'ரெண்டு வட்டி.' அதாவது நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய். வருஷக் கடைசியில் மொத்தமா கொடுத்தால் தனி வட்டியில் 12,400. மாசா மாசம் வட்டிக்கு வட்டி ஏறினா 1.02-ஐ 12 தடவை பெருக்கணும்: 12,682. சரி, மாசம் இல்லை, தினம் ஏறினா? மணிக்கு மணி, வினாடிக்கு வினாடி ஏறினா? எங்கேயோ போயிடும் என்று பயப்படாதீங்க. 12,712-ஐத் தாண்டாது! அந்த எல்லைக்குப் பெயர்தான் லிமிட். அங்கே பிறப்பதுதான் 2.718 என்று தொடங்கும் 'இ'. ஃபைனான்ஸ் படிக்கிறவங்களைக் கடைசி வரைக்கும் துரத்தும் எழுத்து, வட்டிக் கடையிலேயே ஒளிஞ்சிருக்கு பாருங்க.

பயம் வட்டி ஏறுகிற இடைவெளியில் இல்லை, விகிதத்தில்தான் இருக்கு. ரெண்டு வட்டிக்குக் கையெழுத்துப் போடும் முன் கூட்டுறவுச் சங்கக் கடனோடு ஒப்பிட்டு வீட்டில் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்க. பல வீடுகளில் அந்தத் தாள் இல்லாமல்தான் நகை அடகுக் கடையிலேயே தங்கிடுது.

சின்னதாக நறுக்குவது நமக்குப் புதுசா?

'லிமிட்' என்றால் சின்னது, அதைவிடச் சின்னது என்று போய்க்கொண்டே இருப்பது. இந்த மண்ணுக்கு அது புதுசு இல்லை. இன்றைக்கும் தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்தை 'மா'க் கணக்கில்தான் பேசுறாங்க. 20 மா ஒரு வேலி. 'மா' என்ற சொல்லுக்கே இருபதில் ஒன்று என்று பொருள். எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. அதையும் முந்நூற்றிருபதாக நறுக்கினால் கீழ்முந்திரி. பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர் ஊராக நிலங்களை இப்படிப் பின்னத்துக்குள் பின்னமாக அளந்து வெட்டி வெச்சிருக்காங்க. அடுத்த முறை கோயிலுக்குப் போனால் புல்தரையில் உட்கார்ந்து கடலை சாப்பிட்டதும், அந்தச் சுவரையும் கொஞ்சம் பாருங்க!

உல்டா ராமானுஜன்கள்!

கும்பகோணத்தில் படிப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், சாரங்கபாணி சன்னதித் தெரு வீடு தெரியும். டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போது ராமானுஜன் கையில் கிடைத்தது கார் என்பவர் எழுதிய புத்தகம். அல்ஜீப்ரா, கால்குலஸ் என்று ஆயிரக்கணக்கான முடிவுகளின் தொகுப்பு. பரீட்சைக்கு மாணவர்களைத் தயார் செய்த ஒரு டியூஷன் மாஸ்டரின் வேலை அது. கிட்டத்தட்ட ஒரு 'கைடு'! நாம் கைடை மனப்பாடம் செய்கிறோம். அவர் ஒவ்வொரு வரியையும் 'இது எப்படி வந்துச்சு?' என்று தானே போட்டுப் பார்த்தார்.

1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றதைக் கவனிக்காமல் அதை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1912-ல் சென்னை துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு அக்கவுன்ட்ஸ் குமாஸ்தா. ஆக, ஒரு பி.காம். பட்டதாரி பார்க்கிற வேலையைத்தான் அவரும் பார்த்தார்! அவர் கணக்கில் மட்டும் பாஸ். நாம் கணக்கில் மட்டும் ஃபெயில். நமக்கு இருப்பது ஒரே ஒரு பேப்பர்தானே பாஸ்?

சரி, எப்படிப் படிப்பது?

* ப்ளஸ் டூவில் கணக்கு எடுக்காதவர்கள் வெட்கப்படாமல் மேல்நிலை 'வணிகக் கணிதம்' புத்தகத்திலிருந்து தொடங்குங்க. தமிழிலேயே இருக்கு. சார்பு, வகையீடு, தொகையீடு எல்லாம் அதில் பொறுமையா வரும்.

* ஃபார்முலாவுக்கு முன் படம். கோட்டை வரைஞ்சு, எங்கே ஏறுது, எங்கே திரும்புது என்று விரலால் தொட்டுப் பாருங்க. திரும்பும் இடத்தில்தான் டெரிவேட்டிவ் பூஜ்யம்.

* ஒவ்வொரு குறிக்கும் ஒரு பொருள் கொடுங்க. எக்ஸ் என்றால் மூட்டை, டி என்றால் நாள், வி என்றால் தண்ணி. பொருள் இருந்தால் மறக்காது.

* விடை வந்ததும் யூனிட்டைப் பாருங்க. கிலோ வரவேண்டிய இடத்தில் ரூபாய் வந்தால், எங்கேயோ கோட்டை விட்டிருக்கீங்க.

* போட்ட கணக்கையே மறுநாள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போடுங்க. 'பார்த்தா புரியுது, போட்டா வரலை' என்ற வியாதிக்கு இது ஒன்றுதான் மருந்து.

ஒரு பழைய சேதியோடு முடிச்சுக்குவோம். 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், தன் மாணவர்களைக் கிராமங்களுக்குப் போய்க் கணக்கெடுத்து வரச் சொன்னார். யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கூலி, என்ன கடன் என்று அவங்க எழுதி வந்தவை 1918-ல் புத்தகமா வந்துச்சு. அதில் ஒரு ஊர், அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவின் பாலக்குறிச்சி. 1937-ல் அதே ஊரை மறுபடி ஆய்வு செய்தாங்க. தொடங்கி வெச்சது யாரு? உங்களை மாதிரிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பசங்கதான்!

நீங்க புத்தகம் எல்லாம் போட வேண்டாம். நாளைக்குக் காலையில் பேப்பர் வந்ததும் அந்த நாலு வரியைப் படிங்க. வரத்திலிருந்து திறப்பைக் கழிச்சு, 11,574-ஆல் வகுங்க. 'அப்பா, இன்னைக்கு அரை டி.எம்.சி. கூடியிருக்கு. இப்படியே போனா இன்னும் இத்தனை நாள் தாங்கும்' என்று சொல்லிப் பாருங்க. காபி டம்ளரை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் உங்களைத் திரும்பிப் பார்ப்பார். 'பையன் என்னத்தப் படிக்கிறான்', 'பொண்ணு என்னத்தப் படிக்குது' என்று இத்தனை நாள் புரியாமல் ஃபீஸ் கட்டியவர் அவர்.

அந்தப் பார்வைக்கு முன்னாடி அரியர் எல்லாம் ஒரு மேட்டரா? நோட்ஸைப் பாக்கெட்டிலிருந்து எடுங்க. பஸ் இன்னும் தாராசுரம் தாண்டலை!